ஆவணி ஞாயிறும் ஆச்சி நடந்த வழியும்

தக்கலையில் இருந்துகொண்டு நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்கு ஆவணி ஞாயிற்றுக்கிழமை போய் பதினோரு வருஷம் ஆகிவிட்டது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்பவில்லை, அம்மைதான் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். எனக்குத் திருமணமான வருஷம், அப்பா தவறிய வருஷம், கொரோனா, அப்புறம் சும்மா சோம்பலிலேயே போன வருஷங்கள். இந்தத் தடவை அவளே தேதி பார்த்து முடிவு செய்து, சனிக்கிழமை ராத்திரியே மஞ்சள்பொடியைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டாள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது காலை ஆறரை. ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். அம்மைக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டிலும் வலி.

"நாகரைப் பாக்க ஆட்டோவிலயா போவாவ? பைய நடடே மக்கா."

இது அம்மையின் சட்டம் இல்லை, ஆச்சியின் சட்டம். ஆச்சி வீடு வடசேரி கிருஷ்ணன்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பிறந்ததும் பள்ளிக்கூடம் முடிக்கிற வரை வளர்ந்ததும் அந்த ஓட்டு வீட்டில்தான். அது கைமாறி, இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. கிருஷ்ணன் மட்டும் மாறவில்லை, இரண்டு கையிலும் வெண்ணெயை வைத்துக்கொண்டு அதே குழந்தையாக நிற்கிறார். ஆச்சிக்கு அவர் சாமி என்பதைவிட அடுத்த வீட்டுப் பிள்ளை. நான் சாப்பிட அடம்பிடித்தால், "அவனைப் பாரு, கேக்காமலே ரெண்டு கையிலும் வச்சுக்கிட்டு நிக்கான்" என்பாள். அங்கே ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு நடந்தோம்.

வடசேரி என்றால் இப்போது பஸ் ஸ்டாண்டும் கனகமூலம் சந்தையும்தான் பலருக்குத் தெரியும். எனக்கு அது தட்டுகிற சத்தம். சாமி நகை செய்கிறவர்கள் நிறைய பேர் இருந்த இடம், பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தலையிலும் கழுத்திலும் பூட்டிக்கொள்கிற சிவப்புக்கல் நகைகளின் ஊரே இதுதான், புவிசார் குறியீடு வரை வாங்கிய தொழில். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன், ஒரு மாமா குனிந்த தலை நிமிராமல் கல் பதித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்காக இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு யார் தட்டுவார்கள், சரி.

நேராகக் கோவிலுக்குப் போகாமல் மணிமேடைக்குப் போய்விட்டுப் போவது ஆச்சி வழக்கம். சுற்றுவழிதான். ஆனாலும் மணி பார்க்காமல் நாகரிடம் போக மாட்டாள். 1893இல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் வந்து திறந்து வைத்த மணிக்கூண்டு அது. ஆச்சியின் வீட்டில் கடிகாரமே கிடையாது, வெயில் திண்ணையில் எந்தக் கல்லைத் தொடுகிறது என்பதை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடுவாள். ஆனால் மணிமேடை கீழே வந்ததும் அண்ணாந்து பார்த்து, "மணி என்ன மக்கா?" என்று என்னிடம் கேட்பாள். நான் சொன்னதும் ஏதோ பெரிய வேலை முடிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாள். எனக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டி வருகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவளுக்கு முள் பார்க்கத் தெரியாது என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

நாகர்கோவில் என்கிற ஒரே ஊர் ஆச்சி மனசில் இருந்ததே இல்லை. 2019இல் மாநகராட்சி ஆனபோது அவள் உயிரோடு இல்லை, இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவளுக்கு வடசேரி ஒரு ஊர், ஒழுகினசேரி ஒரு ஊர், வடிவீஸ்வரம் ஒரு ஊர், கோட்டாறு ரொம்ப தூரத்தில் இருக்கிற வேறொரு ஊர். "கோட்டாத்துக்குப் போயிட்டு வாறேன்" என்று சொன்னால் மத்தியானச் சாப்பாடு வரை வர மாட்டாள் என்று அர்த்தம். இந்த ஊர்களுக்கு நடுவில் அவளுக்கு அடையாளம் கோவில்கள்தான். வடிவீஸ்வரத்தை அழகம்மன் இருக்கிற இடம் என்பாள், ஒழுகினசேரியைச் சோழராஜா கோவில் பக்கம் என்பாள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்ததும் ஒழுகினசேரிதான் என்று நான் பெருமையாகச் சொன்னால், "ஆமா, சோழராஜா கோவில் பக்கத்துலதான்" என்று முடித்துவிடுவாள்.

சாமி இல்லாத இடத்துக்கு மரம். வேப்பமூடு அப்படி வந்த பெயர்தானே. நம்ம பக்கத்தில் மரத்தின் அடியை மூடு என்றுதான் சொல்வோம், சக்கைமூடு, மாமூடு எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகன் பஸ் போர்டைப் படித்துவிட்டு "வேப்பமூட்டில் என்ன மூடு?" என்று கேட்டுச் சிரித்தது இன்னும் வீட்டில் ஓடுகிறது.

கோவிலை நெருங்கும்போதே கூட்டம் தெரிந்தது. ஆவணி ஞாயிறு என்றால் மாவட்டம் முழுக்க இங்கேதான், கேரளத்திலிருந்தும் வருவார்கள். அரசமரத்தடி நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றி மஞ்சள்பொடி தூவ வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள், தரையெல்லாம் மஞ்சளும் பாலும் குழைந்து கிடக்கிறது. ஆச்சி காலத்தில் செம்பில் பால் கொண்டுவருவோம், வழியில் தளும்பாமல் பிடிப்பது என் வேலை. இப்போது பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து அப்படியே ஊற்றிவிட்டு உறையை அங்கேயே போடுகிறார்கள். நாகர் தலையில் ஒரு பால் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மை அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "சவத்த, வீட்டுல ஒரு செம்பு கூடவா இல்லாமப் போச்சு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அம்மை சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

உள்ளே போனால் வேறு உலகம். எத்தனையோ கோவிலுக்கு விமானத்தில் தங்கம் பூசுகிறார்கள், இங்கே மூலவர் நாகராஜாவுக்குத் தலைக்கு மேல் ஓலைக்கூரை. வருஷா வருஷம் பிரித்து வேய்வார்கள். புல் அறுத்த பெண்ணின் அரிவாள் பட்டு ரத்தம் வந்த இடத்தில் ஐந்து தலை நாகர் இருந்தார் என்பது கதை, களக்காட்டிலிருந்து வந்த ராஜாவுக்கு இங்கே தோல்நோய் குணமாகிக் கோவிலைப் பெரிதாகக் கட்டினார் என்பது அதன் தொடர்ச்சி. கருவறைத் தரை எப்போதும் ஈரம். அந்த ஈர மண்தான் பிரசாதம். ஆடி தொடங்கி மார்கழி வரை கறுப்பாகவும் தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள். வேறெந்தக் கோவிலிலும் பூ கொடுப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள், இங்கே காலடி மண்ணையே அள்ளிக் கொடுக்கிறார்கள்.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கோவிலில் பிடித்தது தூண்கள். ஒரு தூணில் ஒருவர் கண்ணை மூடி, துணியில்லாமல், தலைக்கு மேல் பாம்பு படம் விரிக்க நிற்பார். யார் என்று கேட்டால் ஆச்சி, "தபசு பண்ணுகவரு, சத்தம் போடாதே" என்பாள். அது பார்சுவநாதர், சமண தீர்த்தங்கரர், மகாவீரரும் பத்மாவதியும்கூட இங்கே உண்டு என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்று சமணப் பண்டிதர்கள் பெயர் வருகிறது. கருவறை வாசலில் காவல் நிற்கிற இரண்டு நாகர்களையும் பார்சுவநாதருக்குக் காவலான தரணேந்திரன், பத்மாவதி என்றே சொல்கிறார்கள். பக்கத்துச் சன்னிதியில் அனந்தகிருஷ்ணன், அவருக்குத்தான் தை மாசம் கொடியேற்றமும் தேரும். கொடிமரத்து உச்சியில் கருடன் இல்லை, ஆமை. பாம்பு வீட்டில் கருடனை எப்படி வைப்பது? இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, பக்கத்து வீட்டோடு சண்டை வராமல் குடியிருக்கத் தெரிந்தவர்.

வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா இரணியலிலிருந்து வந்திருந்தார், மகளுக்கு வரன் அமையவில்லையாம். அம்மையும் அவரும் சன்னிதி வருவதற்குள் இரண்டு குடும்ப வரலாறும் பேசி முடித்துவிட்டார்கள். சன்னிதி வந்ததும் அம்மை பேச்சை அப்படியே நிறுத்தினாள். கண்ணை மூடவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், பின்னாலிருந்து தள்ளுகிற வரை. நான் எதையும் வேண்டிக்கொண்டேனா என்று வெளியே வந்த பிறகு யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆச்சி சேலையின் பன்னீர்ப் புகையிலை வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்து போனது. கையில் ஒரு சிட்டிகை கறுப்பு மண் இருந்தது.

"வந்தது வந்தாச்சு, தாணுமாலயனையும் பாத்துரலாம்" என்றாள் அம்மை. சுசீந்திரத்துக்கு பஸ் ஏறினோம், நல்லவேளை அதற்கு நடக்கிற சட்டம் இல்லை.

கோட்டாறு வழியாகத்தான் போகும். கம்போளத்தில் அரிசி மூட்டைக்கும் மிளகுக்கும் நடுவில் ஆச்சி பேரம் பேசுவதைக் கேட்கவேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்து பல வருஷம் ஆன பிறகும் அவள் கணக்கு பழைய திருவிதாங்கூர் காசான சக்கரத்தில்தான். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு இருபத்தெட்டு சக்கரம். கடைக்காரர் சொல்கிற ரூபாயை மனசுக்குள் சக்கரமாக்கி, அதிர்ச்சியாகி, பிறகுதான் பேரத்தைத் தொடங்குவாள். ரயில் வந்தது 1979இல், அதைப் பார்ப்பதற்கும் கோட்டாறு வரை என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். அப்போதும் சவேரியார் கோவிலுக்குள் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாளாம். டிசம்பர் 3ஆம் தேதித் திருவிழாவுக்கு எங்கள் தெருவே கிளம்பும், யாருக்கும் அது வேற்றுமதக் கோவில் என்று தோன்றியதில்லை. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை அடக்கம் செய்த இடமும் அந்தக் கோவில்தான். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது அம்மை டிவி முன்னால் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள், "நம்ம கோட்டாத்துல கிடக்கவரு" என்று எனக்கு போன் வேறு.

அடுத்து இடலாக்குடி. ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்பதை மனசில் வாங்கிப் பதில் சொன்ன சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் அவதானம் செய்தவர், வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடை ஏறி வாதாடியவர். ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்குப் பரிந்து பேசினார் என்பதை வெளியூர் நண்பர்கள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். இடலாக்குடியைத் தாண்டாமல் கோட்டாற்றிலிருந்து சுசீந்திரம் போக முடியாது, அவ்வளவுதான் என்பேன்.

சுசீந்திரம் கோபுரம் 134 அடி. ஆனால் எனக்குச் சுசீந்திரம் என்றால் மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் ராத்திரி, மக்கள்மார் சந்திப்பு. அப்பா அம்மையின் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருகிற மாதிரி கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும், மருங்கூரிலிருந்தும் வேளிமலையிலிருந்தும் முருகனும் வந்து சேர்வார்கள். ஆச்சி என்னைத் தோளில் உட்காரவைத்து, "பாரு, எல்லாரும் அவனவன் ஊர்லேருந்து நடந்துதான் வாறான்" என்றது நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நாள்தான் விளங்கியது.

இந்தத் தெருக்களைப் பற்றி ஆச்சி குரலைத் தாழ்த்திச் சொல்கிற ஒரு விஷயமும் உண்டு. கோவிலைச் சுற்றிய தெருவில் எல்லா சாதிக்காரரும் நடக்கக்கூட முடியாத காலம் இருந்தது. 1926இல் டாக்டர் எம்.இ.நாயுடு முன்னின்று இங்கே சத்தியாகிரகம் நடந்தது. கோவிலைத் திறந்துவிட்ட பிரகடனம் 1936 நவம்பர் 12இல் வந்தது, ஆச்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல்முறையாக உள்ளே வந்தவர்கள் தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள் என்பாள். "நாங்க ஒதுங்கி நின்னு பாத்தோம் மக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஒதுங்கி நின்றதற்கு வருத்தப்பட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும். ஊர் நினைவு என்று நான் இவ்வளவு எழுதுகிறேனே, அந்த வாசலுக்கு வெளியே நின்ற வீட்டுப் பேரன் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

உச்சிக்கு நடை அடைப்பதற்குள் தாணுமாலயனையும் ஆஞ்சநேயரையும் பார்த்துவிட்டோம். திரும்பும்போது கோட்டாற்றில் இறங்கி ஒரு சீப்பு மட்டிப்பழமும் கால் கிலோ நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கினோம். விலையைக் கேட்டதும் அம்மை ஒரு நொடி அசையாமல் நின்றாள், அவளும் சக்கரமாக்கிப் பார்க்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வீட்டுக்கு வந்து முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, பூஜை அலமாரியிலிருந்து அந்தப் பழைய பவுடர் டப்பாவை எடுத்துத் தரச்சொன்னாள். ஆச்சியுடையது. திறந்தால் முக்கால் டப்பாவுக்கு மண், கறுப்பும் வெள்ளையும் கலந்து, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறம். நான் கொண்டுவந்த சிட்டிகையை அதன் மேல் போட்டாள். அது மட்டும் தனியாக, கறுப்பாக, ஈரமாகத் தெரிந்தது.

"தைக்கு வெள்ளை வாங்கணும்" என்று சொல்லி மூடினாள். "காலையில சீக்கிரமே கிளம்பணும், கேட்டியா? மணிமேடை சுத்தித்தான் போகணும்."