எவ்வளவு பிழை?

"தம்பி, பெட்டியில 6000 எண்டு கிடக்கு. இஞ்ச 3600 எண்டு காட்டுது. மிச்சம் எங்க?"

கணினியைத் திருத்திக் கொடுத்த என்னிடம், டாஸ்க் மனேஜரில் ராம் வேகத்தைக் காட்டித்தான் அண்ணை கேட்டார். பெட்டி என்றது ராம் வந்த பெட்டியை. காசு கொடுத்தவர் கேட்கத்தான் வேண்டும். "நாலு ராம் போட்டா இவ்வளவுதான் அண்ணை" என்றேன். அந்தப் பதில் சரியானது. ஆனாலும் பேச்சு அதோடு முடியவில்லை.

ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் புரோசெசர், 128 ஜிபி ராம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களை ட்ரோனில் படமெடுத்து, நில உயரம் கணக்கிடும் வேலை. இரவில் ஓடவிட்டால் இடையில் மென்பொருள் மூடிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். மென்பொருள்தான் பிழை என்றார் ஒருவர், கரண்ட் என்றார் இன்னொருவர். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை பத்து நிமிடமும் சுத்தமாக ஓடியது. ஓடும்தான். அது புரோசெசரைத்தான் வதைக்கும், 128 ஜிபி ராமை நிரப்பிப் பார்க்காது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டேன். கச்சான் வீசுகிற காலம், தகரக் கூரை அறை. முதல் சுற்றில் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு வரிகள் வரத் தொடங்கின, ஒவ்வொன்றும் ஒரு ராம் பிழை. 3600க்கு இறக்கி இரவு முழுக்க விட்டேன், ஒரு வரிகூட வரவில்லை. இந்தப் புரோசெசருக்கு ஏஎம்டி சொல்கிற கணக்கும் அதுதான்: இரண்டு ராம் என்றால் 5200, நாலு என்றால் 3600. பெட்டியில் இருக்கிற 6000 எக்ஸ்போ வேகம், அதாவது புரோசெசருக்குச் சொன்ன அளவுக்கு மேலே ஓட்டும் ஓவர்குளொக். அதுவும் அந்தச் சோடிக்கு மட்டும் சோதித்தது. அண்ணை இரண்டு சோடியைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருந்தார்.

புரோசெசரையும் மின்சாரம் குறைவாக எடுக்கும் 105 வாட் ஈகோ மோடில் வைத்தேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, விசிறிச் சத்தம் குறைந்ததே அவருக்குச் சந்தோசம். 3600தான் உறுத்தியது.

"வேலை நிண்டா நான் பாத்துக்கொள்ளுறன். நீர் 6000இல விடும்."

"நிண்டாப் பரவாயில்லை அண்ணை. நிக்காமப் பிழையா முடிஞ்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு பிழை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ராமில் ஒரு பிட் மாறினால் மென்பொருள் விழலாம், ஒரு படத்தின் மூலையில் நிறம் மாறலாம், ஒரு புள்ளியின் உயரமும் மாறலாம். டிடிஆர்5இல் பிழை திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள்ளே மட்டும்தான், ராமுக்கும் புரோசெசருக்கும் இடையில் கெடுவதை அது பார்க்காது. அந்த உயரங்களை வைத்துத்தான் வாய்க்கால் வரம்பு கட்டப்போகிறார்கள்.

இடைவழி இல்லாமல் இல்லை. இரண்டைக் கழற்றினால் 6000 ஓடியிருக்கும். ஆனால் 64 ஜிபியில் அவருடைய வேலை அடங்காது. 4000, 4400, 4800 என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு வேண்டும். காலபோக விதைப்புக்கு முன் அவர் வரைபடம் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுத்தேன். "சரி, அந்த இடத்தையாவது காட்டும்" என்றார். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸைத் திறந்து எக்ஸ்போ எங்கே இருக்கிறது என்று காட்டினேன். அவருடைய கணினி, மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சிவப்பு வரிகளைக் கண்ணால் கண்டவன் நான். அவர் கண்டது யூடியூப்பில் ஒரு பெரிய எண்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2024இல் இன்ரெல் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்கள் விழுந்துகொண்டிருந்தபோது, மதர்போர்ட்கள் பல, வேகச் சோதனையில் பெரிய எண் காட்டுவதற்காக மின் வரம்பைத் திறந்துவிட்டே விற்பனைக்கு வந்திருந்தன. பிறகு சிப்பே அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் கேட்கிறது என்று இன்ரெல் ஒப்புக்கொண்டு, ஓகஸ்டில் அதைத் திருத்தும் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) வந்தது, உத்தரவாதமும் இரண்டு வருடம் கூடியது. அதுவரை எத்தனை பேர் மென்பொருளைத் திட்டியிருப்பார்கள்!

அதன்பிறகு அண்ணை பழுது என்று கூப்பிடவில்லை. 3600இலேயே விட்டாரோ, 6000க்கு ஏற்றி அது விழாமல் ஓடுகிறதோ தெரியாது. ஏற்றியிருந்தால் விழாமல் ஓடுவதுதான் எனக்குப் பயம். அடுத்த முறை தூசி துடைக்கக் கொண்டுவரும்போது அவரிடம் கேட்பதா, கேட்காமல் பயோஸைப் பார்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.