பிரித்துப் போடட்டுமா தம்பி?

"தம்பி, அஞ்சாப் பிரிச்சுப் போட்டுடட்டுமா? 300 லைனுக்கு மேல போனா அது நிக்காது."

தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம், ஆர்டர் எடுக்கும் அக்கா போனில் கேட்டது இவ்வளவுதான். "வேணாம்க்கா, ஒண்ணாவே போடுங்க. நான் சரி பண்ணிட்டேன்" என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1,400 லைன் ஆர்டர், லைனுக்கு ஒரு பொருள். கன்ஃபர்ம் அழுத்தினால் சரியாக 60 விநாடியில் நேரம் தீர்ந்து டைம்அவுட், போட்டதெல்லாம் ரோல்பேக், ஒன்றும் பதியாது. மென்பொருள் எழுதியிருக்கும் டாட்நெட்டில், பல பதிவுகளை 'ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது' என்று ஒன்றாகக் கட்டும் டிரான்ஸாக்‌ஷன்ஸ்கோப்புக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது 1 நிமிடம்தான். கணினியின் பொது அமைப்புக் கோப்பான மெஷின் கான்ஃபிக் அனுமதிக்கும் உச்சம் 10 நிமிடம். நான் 10 வைத்தேன்.

ஆர்டர் நான்கு நிமிடத்தில் ஏறிவிட்டது. அந்த நான்கு நிமிடமும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அது தொட்ட ஸ்டாக் வரிகளெல்லாம் வேறு யாரும் தொட முடியாதபடி லாக்கில் இருந்தன. சிங்கப்பூர் தேக்கா கவுண்டரில் அதே அரிசிக்குப் பில் போட்டவர்களுக்கு 30 விநாடி காத்திருப்புக்குப் பிறகு எரர். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் கையால் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒரு பில்லில் எண்ணெய்க் கறை.

நான் சொன்னது தவறா? பிரித்தால் ஐந்து டெலிவரி ஆர்டர், ஐந்து இன்வாய்ஸ். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு கேட்டது ஒன்றே ஒன்று. ஐந்தில் மூன்று ஏறி இரண்டு விழுந்தால் ஸ்டாக் பாதியில் தொங்கும். 9 சதவீத ஜிஎஸ்டியை ஐந்து முறை ரவுண்ட் செய்தால் காசு கணக்கில் ஒரு சென்ட் இடிக்கலாம். டிரான்ஸாக்‌ஷன் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தானே. இப்போது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் இரண்டு நாள் கழித்து அளந்து பார்த்தேன். லைனுக்கு ஏறக்குறைய 170 மில்லிசெகண்ட். 60 விநாடிக்குள் 350 லைன் முடிந்தால் அதிகம். நான் கருவி வைத்துக் கண்டுபிடித்ததை அக்கா எப்போதோ விழுந்து விழுந்து எழுந்து கண்டுபிடித்திருக்கிறார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், டைம்அவுட்டைத் தொடாமல் அந்த 170-ஐத் தேடிப் போயிருப்பேன். போயிருப்பேனா? கடையில் கூட்டம், மேலாளர் வேறு போனில். தெரியவில்லை.

கோளாறு சாதாரணமானது. ஒவ்வொரு லைனுக்கும் விலை, ஸ்டாக், வரி என்று மூன்று தடவை டேட்டாபேஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தது, அதுவும் டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே தடவையில் எடுத்துவைத்து, எழுதும் வேலையை மட்டும் உள்ளே விட்டேன். 1,400 லைனும் இப்போது 11 விநாடி. டைம்அவுட்டைப் பழையபடி 1 நிமிடத்துக்கே இறக்கிவிட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் பிரிக்க வேண்டாம் என்றேன். "சரி தம்பி" என்றார்.

போன வாரம் பதிவைப் பார்த்தேன். ஒரே வாடிக்கையாளர், அடுத்தடுத்து ஐந்து ஆர்டர். எதுவும் 300 லைனைத் தாண்டவில்லை.