ஊமத்தை இலையில் ஒருவழியாகப் பொட்டு விழுந்தது

புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் ஊமத்தை இலையில் பிடிக்கிறதா என்று பார்க்க, புகையிலைச் சாற்றை இலையில் தேய்த்திருந்தேன். நாலாம் நாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், இலையின் வலது பாதியில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள், எண்ணி 23. இடது பாதி சுத்தம். இரண்டு முறை தோற்ற பிறகு வந்ததாயிற்றே, வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். "இலை காய்ஞ்சிருக்கு, இதுக்கா?" என்றார்கள்.

அது காய்ந்தது இல்லை, செடி தானே கொன்ற செல்கள். புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்குள் போனால் செடி முழுக்கப் பரவிவிடும். ஊமத்தையோ, கிருமி நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களைச் சாகடித்து அங்கேயே முடக்கிவிடும். உயிருள்ள செல் இல்லாமல் வைரஸ் பெருக முடியாதே.

வெற்றிலைக்குப் போடும் புகையிலையை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு இடித்துத் துணியில் வடிகட்டினேன், அது சுலபம். உயிரை வாங்கியது தேய்ப்பதுதான். வைரஸ் தானாக உள்ளே போகாது, மேல்தோலில் கீறல் வேண்டும், ஆனால் கீறிய செல் செத்துவிடவும் கூடாது. முதல் தடவை உப்புத்தாள், இலை முழுக்கத் தழும்பு. அடுத்து வால்வு தேய்க்கும் பேஸ்ட், அதிலிருந்த கிரீஸில் சாறு ஒட்டவே இல்லை. கடைசியில் தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்கும் நண்பரிடம் 600 நம்பர் கார்போரண்டம் பொடி ஒரு சிட்டிகை வாங்கினேன் (ஆன்லைனில் அரைக் கிலோவுக்குக் குறைந்து தரமாட்டார்களாம், அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் தேய்க்கலாம்). இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, சாற்றில் நனைத்த விரலால் காம்பிலிருந்து நுனிக்கு ஒரே தடவை, குழந்தைக்குப் பவுடர் பூசுகிற அழுத்தம், அவ்வளவுதான். உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இடது பாதிக்கு அதே சாற்றைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து, ஆறவிட்டுப் பூசினேன். நிக்கோட்டின் பட்டு வெந்ததுதானே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

ஊமத்தை தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், கண்மணி விரிந்து பார்வை மங்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் தக்காளித் தொட்டிப் பக்கமே போவதில்லை.

அப்புறம், 1961-இல் ராஸ் என்பவர் புகையிலைச் செடியில் காட்டியது: கீழ் இலையில் பொட்டு விழுந்த செடிக்குச் சில நாள் கழித்து மேல் இலையில் வைரஸ் கொடுத்தால் பொட்டுகள் சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும். செடி முழுக்க உஷாராகிவிடுகிறது, அதில் செடிக்குள்ளேயே உருவாகும் சாலிசிலிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு. அதை ஊமத்தையில் செய்து பார்க்க கிராப் தாள்கூட வாங்கியாயிற்று. இந்தச் செடியின் மேல் இலைகள் வைரஸ் பரவாமல் மூன்று வாரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையே இன்னும் பாக்கி. அதற்குள் அதில் மொட்டு வந்துவிட்டது, பிரதோஷத்துக்குப் பூ வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.