தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

தலை நிறைய சீயக்காய். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

"நேற்றே சொன்னேனே, தொட்டியை நிரப்பு என்று!" வெளியே அம்மாவின் குரல்.

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மூன்று நாளாக நிற்கிறது எங்கள் வாடகை வேன். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை என்று பெருமையடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். தொட்டி நூறு லிட்டர்தான் என்பதை யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது கணக்கு அத்துப்படி. பாத்திரத்துக்கு எட்டுக் குவளை, எனக்கு ஒரு வாளி. மீன் குழம்புச் சட்டிக்கு முதலில் மணல்தான். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வது என் வேலை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஒருவழியாகத் தலையைத் துவட்டிக்கொண்டு, கேன்களோடு குண்டு உப்பலவாடிக்குப் போனேன். 1690-இல் ஆங்கிலேயர் செயின்ட் டேவிட் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படி அகப்பட்டவைதான் 'குண்டு' கிராமங்கள்.

குண்டு போட்டு ஊரை வளைத்தவர்களின் கோட்டை இன்று கெடிலம் ஆற்றங்கரையில் சில இடிந்த சுவர்கள். 'குண்டு' என்ற பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் உயிரோடு இருக்கிறது. நான் அங்கே இரண்டு கேன் தண்ணீருக்காக நிற்கிறேன்.

மதியம் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போவது அம்மாவின் நெடுநாள் ஆசை. பக்கக் கண்ணாடியில் மாட்டிய என் சட்டை உப்புக்காற்றில் இன்னும் பிசுபிசுக்கிறது.

அம்மா முன்னிருக்கையில் ஏறிவிட்டார். காலடியில் இரண்டு காலிக் கேன்கள். வழியில் எங்கே குழாயைக் கண்டாலும் நிறுத்த வேண்டுமாம்.