ஒரு மில்லிமீட்டர் தகராறு

மூணு வாரமா, பழைய கேமராவுல ஃபோக்கஸ் பாக்க உதவுற ஒரு அப்பாவி ரேஞ்ச்ஃபைண்டர வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்திருக்கேன். அதுக்குப் பரிகாரமா இந்த போஸ்ட்.

போன அக்டோபர்ல இங்க அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல ஒரு எஸ்டேட் சேல். தெரியாதவங்களுக்கு, வீட்ட காலி பண்றப்ப சட்டி பானைலேர்ந்து கட்டில் வரைக்கும் எல்லாத்துலயும் விலை ஸ்டிக்கர ஒட்டிட்டு கதவ தொறந்து விட்டுருவாங்க, யாரு வேணா உள்ள போய் அலமாரிய தொறந்து பாக்கலாம், முதல் தடவ போனப்ப எனக்கு ரொம்ப கூச்சமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. பேஸ்மெண்ட்ல கிறிஸ்துமஸ் விளக்கு டப்பாக்களுக்கு நடுவுல தோல் போத்துன ஒரு கறுப்புப் பொட்டி. பட்டன அமுக்குனா முன்பக்கம் படக்குன்னு விழுந்து தண்டவாளம் மாதிரி ரெண்டு ரெயில், உள்ள மடிஞ்சு கெடக்குற துருத்தி, அதாவது பெல்லோஸ். பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக் கேமரா, 4க்கு 5 இன்ச் ஃபிலிம். "நல்லா வேலை செய்யும்"னு ஸ்டிக்கர்ல எழுதிருந்தாங்க. அத நம்புன என்ன எதால அடிக்கலாம்னு அப்புறம் சொல்றேன்.

பழைய பிளாக் அண்ட் ஒயிட் அமெரிக்கப் படத்துல தொப்பி போட்ட நிருபருங்க பெரிய கிண்ணம் மாதிரி ஃப்ளாஷ் வச்சு பளீர்னு அடிப்பாங்கல்ல, அந்த கேமராதான் இது. 1912ல முதல் மாடல் வந்துச்சு, அப்புறம் மாத்தி மாத்தி 1973 வரைக்கும் ஓடுச்சு. 1945 பிப்ரவரி 23ம் தேதி ஜப்பானோட இவோ ஜிமா தீவுல மலை மேல அமெரிக்க வீரர்கள் கொடி ஏத்துறத ஜோ ரோசென்தால் எடுத்தாரே, அதுவும் ஸ்பீட் கிராஃபிக்லதான். ஒரு ஷீட் ஃபிலிம்ல படம் எடுத்தா அது இருக்குற ஹோல்டர கழட்டி திருப்பிப் போடணும், ஷட்டர திரும்ப முறுக்கணும், ஏறத்தாழ மூணு கிலோ கனம். இத வச்சுகிட்டு போர்க்களத்துல ஓடிருக்காங்க. நான் இத தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது.

எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் என்னன்னா, கேமரா பொறந்ததே இந்த ஊர்லதான். இத செஞ்ச கிராஃப்ளெக்ஸ் கம்பெனி கிளாரிஸா தெருவுல இருந்துச்சு. லென்ஸ் 135 மில்லிமீட்டர் எஃப் 4.7 ஆப்டார், அத கிராஃப்ளெக்ஸுக்கு செஞ்சு குடுத்த வோலென்சாக்கும் இதே ஊரு, ஃபிலிம் செய்யற கோடாக்கும் இதே ஊரு. 1905ல கோடாக் கிராஃப்ளெக்ஸ் கம்பெனிய வாங்கி 1926ல கைய கழுவி விட்டுச்சு. கடைசில 1968ல யார் கைக்கு போச்சு தெரியுமா, சிங்கர். ஆமா, நம்ம அம்மா ஜாக்கெட் தச்ச அதே சிங்கர்தான். அஞ்சே வருஷத்துல கதை முடிஞ்சுது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல பெல்லோஸ். ராத்திரி பாத்ரூம்ல லைட்ட அணைச்சுட்டு, பெல்லோஸ முழுசா இழுத்து, உள்ள ஒரு சின்ன எல்இடி டார்ச்ச விட்டுப் பாத்தேன். மடிப்பு மூலையில பதினோரு ஓட்ட. ஆர்மோனியத்துக்கு எங்க காத்து போகுமோ இதுக்கு அங்கதான் வெளிச்சம் வரும், மடிப்பும் மடிப்பும் சேர்ற முனை. கறுப்பு ஃபேப்ரிக் பெயிண்ட பல்குத்தும் குச்சில தொட்டு உள்பக்கமா மெலிசா வச்சு, காஞ்சதும் இன்னொரு பூச்சு. தடியா பூசுனா பெல்லோஸ் மடியாது, அத அமுக்கி மூடுனா புதுசா நாலு ஓட்ட விழும். இத எப்படி தெரிஞ்சுகிட்டேன்னு கேக்காதீங்க.

அடுத்தது லென்ஸ்ல இருக்குற ஷட்டர். 1/100க்கு மேல எல்லாம் ஓகே, ஒரு செகண்ட்ல வச்சா தொறந்து அப்படியே யோசிச்சுகிட்டு நிக்குது. எழுபது வருஷத்து எண்ணெய் உள்ள பிசினாயிருக்கு. முன்னாடி பின்னாடி கண்ணாடி ரெண்டையும் திருகிக் கழட்டி வச்சுட்டு, லைட்டர்ல ஊத்துற நாஃப்தாவ சொட்டு சொட்டா விட்டு நூறு தடவ க்ளிக் பண்ணதும் கிர்ர்ர்னு பல்சக்கரம் ஓடுற சத்தம் வந்துச்சு. ஜன்னல தொறந்து வச்சுட்டுப் பண்ணுங்க, எனக்கு அன்னிக்கு வீட்ல கெடச்ச பாட்டு வேற ரகம்.

தோல நான் தொடல. நெறைய பேரு இந்தத் தோல உரிச்சு எறிஞ்சுட்டு, அடியில இருக்குற மஹோகனிய தேச்சு வார்னிஷ் அடிச்சு ஷோகேஸ் பொம்மை மாதிரி ஆக்கிடுறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா இது மழையில அடிபடணும்னு தோல் போத்தி விட்ட கேமரா. ஓரத்துல கிழிஞ்ச எடத்துல மட்டும் பசை வச்சு ஒட்டிட்டு ஷூ க்ரீம் போட்டேன்.

இப்ப தகராறு.

ஸ்பீட் கிராஃபிக்ல ஃபோக்கஸ் பண்ண ரெண்டு வழி. ஒன்னு, பின்னாடி இருக்குற கிரவுண்ட் கிளாஸ்ங்கற மங்கல் கண்ணாடில தலைகீழா தெரியற பிம்பத்த துணிய போத்திகிட்டு பாக்கறது. இன்னொன்னு, பக்கவாட்டுல முறுக்கி வச்சிருக்குற காலார்ட் ரேஞ்ச்ஃபைண்டர், அதுல ரெண்டு பிம்பம் ஒன்னா சேர்ந்தா ஃபோக்கஸ். கையில வச்சு எடுக்கணும்னா காலார்ட்தான் கதி. எங்கிட்ட வந்ததுல பாதி வெள்ளி பூசின கண்ணாடி மங்கிப்போயி ரெண்டாவது பிம்பம் பேய் மாதிரி தெரிஞ்சுது, அத எடுத்துட்டு, பாதி வெளிச்சத்த விட்டு பாதிய திருப்புற பீம் ஸ்ப்ளிட்டர் கண்ணாடிய வெட்டிப் போட்டேன். அப்புறம் அட்ஜஸ்ட்மெண்ட். தூரத்துக்கு ஒன்னு, கிட்டத்துக்கு ஒன்னு, இத சரி பண்ணா அது நகரும், அத சரி பண்ணா இது நகரும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து கிரவுண்ட் கிளாஸும் காலார்டும் ஒரே பேச்சு பேசுற வரைக்கும் விடல.

ஒன்டாரியோ ஏரிக்கரைக்கு போனேன். அங்க 1822ல கட்டுன ஒரு கல் லைட்ஹவுஸ் இருக்கு. முதல் ரெண்டு ஷீட் சுத்த வெறுமை, ஏன்னா இந்த கேமராவுல ஷட்டரும் ரெண்டு, லென்ஸ்ல ஒன்னு, ஃபிலிமுக்கு முன்னாடி துணி ஷட்டர் ஒன்னு. பின்னாடி ஷட்டர சுடும்போது முன்னாடி ஷட்டர தொறந்து வைக்கணும், நான் மூடி வச்சுகிட்டே தடாக் தடாக்னு சுட்டிருக்கேன். சரி, அது என் புத்தி. மூணாவது ஷீட்ல படம் விழுந்துச்சு. லைட்ஹவுஸ் மங்கல். ஆனா அறுபது அடி தள்ளி ஒரு பெஞ்ச் இருந்துச்சு பாருங்க, அதுல யாரோ கிறுக்குன பேரு கூட படிக்கலாம்.

காலார்டத்தான் சந்தேகப்பட்டேன். திரும்ப கழட்டி, திரும்ப அட்ஜஸ்ட் பண்ணி, திரும்ப மங்கல். ஒரு ஷீட் ஃபிலிம் விலைக்கு இங்க ஒரு காபியே குடிக்கலாம், நான் அதுக்குள்ள ஒரு காபிக் கடையவே குடிச்சிருப்பேன். மூணாவது வாரம் வெறுத்துப்போயி காலார்டயே கழட்டி ஓரமா வச்சுட்டேன். டைனிங் டேபிள் மேல அளவு டேப்ப நீட்டி, கேமராவ ஸ்டாண்டுல போட்டு, ரெண்டு மீட்டர் தூரத்துல ஒரு மிளகாய்த்தூள் டப்பாவ நிறுத்தி, லூப்ங்கற பூதக்கண்ணாடி வச்சு கிரவுண்ட் கிளாஸ்லயே அந்த லேபிள் எழுத்து கூர்மையா தெரியற வரைக்கும் ஃபோக்கஸ் பண்ணி, லென்ஸ முழுசா தொறந்து எடுத்தேன். கழுவிப் பாத்தா டப்பாவுக்கு முக்கா சாண் முன்னாடி டேப்ல இருக்குற நம்பர் பளிச். டப்பா மங்கல்.

காலார்ட் அந்த அறையிலயே இல்ல. அப்புறம் எப்படி அது குத்தவாளி?

அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. கிரவுண்ட் கிளாஸ் எங்க இருக்கோ சரியா அங்கதான் ஃபிலிமும் வந்து உக்காரும்னு நானா நம்பிகிட்டு இருந்திருக்கேன். ஹோல்டருக்குள்ள ஃபிலிம் உக்கார்ற ஆழத்துக்கு ஒரு அளவு உண்டு, 4க்கு 5க்கு 0.197 இன்ச், அதாவது 5 மில்லிமீட்டர். கேமரா பின்பலகைய கழட்டி, குறுக்க ஒரு ஸ்டீல் ஸ்கேல வச்சு, வெர்னியர் வால விட்டு கண்ணாடி வரைக்கும் அளந்தேன். 4 சொச்சம். நாலு மூலையிலயும் அளந்தேன். 4 சொச்சம். ஹோல்டர் சரியா 5.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்க போச்சுன்னா, கிராஃப்ளெக்ஸ்காரன் இந்தப் பின்பலகைல கிரவுண்ட் கிளாஸுக்கு முன்னாடி, லென்ஸ் பக்கமா, எக்டாலைட்னு ஒரு ஃப்ரெனல் தகட்ட, அதாவது தட்டையான ஒரு லென்ஸ் தகட்ட வச்சு விப்பான், மூலையெல்லாம் இருட்டா தெரியக்கூடாதுன்னு. அந்தத் தகட்டோட தடிமனையும் கணக்குல சேத்துத்தான் பலகையில படி வெட்டிருப்பான். எனக்கு முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் யாரோ, கீறல் விழுந்துச்சோ ஒடஞ்சுச்சோ, தகட்ட தூக்கிட்டு கண்ணாடிய மட்டும் திரும்ப மாட்டிட்டார். கண்ணாடி அப்படியே லென்ஸ் பக்கம் எறங்கி உக்காந்துருச்சு. கண்ணாடில கூர்மையா தெரியற பிம்பம் ஃபிலிமுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி விழுது. ஃபிலிம் பின்னால இருக்கறதால கிட்ட இருக்குற பொருள்தான் அதுல கூர்மையாகும். 135 லென்ஸுக்கு கணக்கு போட்டுப் பாத்தேன், இன்ஃபினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துக்கு ஃபோக்கஸ் வச்சா ஃபிலிம்ல கூர்மையா விழறது 18 மீட்டர்ல இருக்கறது. அறுபது அடி. பெஞ்ச்!

பாவம் காலார்ட், பொய் சொன்ன கண்ணாடிக்கு ஒத்தாசையா அத்தன தடவையும் கரெக்ட்டா பொய் சொல்லிருக்கு.

ஒரிஜினல் தகடு தேடி வாங்கலாம், நான் சிக்கனம் புடிச்ச ஆளு. பர்ஸ்ல ஊர்ல வாங்குன ஒரு பழைய ஏடிஎம் கார்டு செத்துப்போயி கெடந்துச்சு. இந்த மாதிரி கார்டு எல்லாம் உலகம் பூரா ஒரே தடிமன், 0.76 மில்லிமீட்டர். அத நாலு பட்டையா வெட்டி, அடியில ரெண்டு சுத்து பேப்பர் டேப், படியில வச்சு கண்ணாடிய மேல மாட்டி, திரும்ப அளந்தேன். 5. இன்ஃபினிட்டிக்கு லென்ஸ நிறுத்துற ஸ்டாப் ரெண்டையும் ரெயில்ல ஒரு மில்லிமீட்டர் பின்னால தள்ளி முறுக்கினேன், காலார்ட மன்னிப்பு கேட்டு மாட்டினேன். மிளகாய்த்தூள் டப்பா, அடுத்த ஷீட்லயே, லேபிள்ல எடை எத்தன கிராம்னு படிக்கலாம்.

இனிமே யாராவது பழைய ப்ரெஸ் கேமரா வாங்குனா எதையும் தொடறதுக்கு முன்னாடி பின்பலகைய அளந்துருங்க, அஞ்சு நிமிஷ வேலை. நான் எல்லாத்தையும் பண்ணிட்டு கடைசியா அளந்தேன்.

இப்ப மாடிஃபிகேஷன். இந்த கேமராவோட உண்மையான சொத்து அந்தப் பின்னாடி துணி ஷட்டர்தான். ஒரே நீளத் துணில வேற வேற அகலத்துல கீறல் வெட்டி ரோலர்ல சுத்திருப்பான், சாவி திருகுனா ஸ்ப்ரிங் முறுகும், விட்டா கீறல் மேலேர்ந்து கீழ ஓடும், 1/30லேர்ந்து 1/1000 வரைக்கும். அதாவது ஷட்டரே இல்லாத லென்ஸக் கூட முன்னாடி மாட்டலாம். இதுக்காகத்தான் ஆளுங்க ரெண்டாம் உலகப் போர் விமானக் கேமராலேர்ந்து கழட்டுன ஏரோ எக்டார் லென்ஸுக்கு அலையறாங்க, 178 மில்லிமீட்டர், எஃப் 2.5, கண்ணாடில தோரியம் இருக்கு, லேசா கதிர்வீச்சு வேற. ஃபோட்டோகிராஃபர் டேவிட் பர்னெட் அந்த லென்ஸ ஸ்பீட் கிராஃபிக்ல போட்டு தேர்தல் பிரசாரமெல்லாம் எடுத்தார், அதுக்கப்புறம் விலை நம்ம பக்கம் திரும்பல. ஃப்ளாஷ் கைப்பிடி கதையும் இதேதான், 1977ல ஸ்டார் வார்ஸ் படக்காரங்க அத லைட்சேபர்ங்கற ஒளிவாள் ஆக்கிட்டாங்க, இப்ப சில சமயம் கேமராவ விட கைப்பிடி ஜாஸ்தி. பொட்டியில கைப்பிடி இல்லாதப்பவே புரிஞ்சுது, எனக்கு முன்னாடி யாரோ வந்து போயிருக்காங்க.

நான் புடிச்சது பாஷ் அண்ட் லோம்ப் பலாப்டிகான்ங்கற பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டர் லென்ஸ். அதுவும் இதே ஊருதான். பித்தளக் குழாய், அப்பர்ச்சரே கிடையாது, எப்பவும் முழுசா தொறந்துதான். லைப்ரரில இருக்குற 3டி ப்ரிண்டர்ல லென்ஸ மாட்டுற லென்ஸ் போர்டு ஒன்னு அடிச்சேன். வெயில்ல புடிச்சா பிளாஸ்டிக் வழியாவே வெளிச்சம் வருது, கறுப்பு ப்ளாஸ்டிக்தான், இருந்தும் வருது, உள்பக்கம் ரெண்டு கோட்டிங் மேட் கறுப்பு அடிச்சதும் நின்னுச்சு. கேமராவுல ஒரு புது ஓட்ட கூட போடல, நாலு செகண்ட்ல போர்ட கழட்டி ஆப்டார திரும்ப மாட்டிரலாம். ரம்பத்தால அறுத்து ஒட்டுற மாடிஃபிகேஷன் எனக்கு ஆகாது. எத்தனையோ நல்ல கேமராவ உடனே படம் வர்ற போலராய்ட் பேக் ஃபிலிம் போடறதுக்குன்னு அறுத்தாங்க, 2016ல ஃபியூஜி அந்த ஃபிலிம நிறுத்திடுச்சு, இப்ப அதெல்லாம் பேப்பர் வெயிட்.

ஒரே பிரச்சனை, லென்ஸ் கனத்துல முன்பக்கம் தூக்கக் கலக்கத்துல இருக்குற ஆள் மாதிரி தலைய தொங்கப் போடுது. இப்போதைக்கு கீரைக் கட்டுல வந்த ரப்பர் பேண்ட் ரெண்ட போட்டு நிமித்தி வச்சிருக்கேன். துணி ஷட்டர்லயும் ஒரு ஊசி ஓட்ட இருக்கு, ஒவ்வொரு படத்துலயும் ஒரே எடத்துல கறுப்பா ஒரு புள்ளி நெகட்டிவ்ல விழுது. அந்தத் துணிய எடுக்கணும்னா ரோலர் ஸ்ப்ரிங்க விடணும், விட்டா எத்தன சுத்து இருந்துச்சுன்னு எண்ணி வச்சுக்கணும், எண்ண மறந்தா போச்சு. பனிக்காலம் முழுக்க இருக்கு, அவசரம் இல்ல. போன சனிக்கிழமை ஆப்டார மாட்டிகிட்டு திரும்ப லைட்ஹவுஸ் போனேன், கல்லு கல்லா எண்ணலாம். அந்த பெஞ்ச் மங்கிருச்சு.