மார்பிலிருந்து கைக்கு இறங்கும் பெயர்

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களை இங்கிலாந்து மக்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்க முடியாது. மைதானங்களுக்கு, குறிப்பாகச் சிறிய கிளப்புகளின் மைதானங்களுக்கு, வரும் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 1960-களிலிருந்து அங்கே பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரலைக்குத் தடை இருந்துவருகிறது. சென்னையில் இருக்கும் எனக்கு அந்தத் தடை இல்லை. குளிர்கால மாதங்களில் நமக்கு அது இரவு 8.30 மணி; அக்கா மகனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது எங்கள் வீட்டில் பல ஆண்டுப் பழக்கம். அந்த ஆட்டங்களில் வீரர்களின் மார்பில் எழுதியிருந்த சூதாட்ட நிறுவனத்தின் பெயரை நேரலையில் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் வெளிநாட்டவர்கள்தான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது.

சூதாட்ட நிறுவனங்கள் கால்பந்து கிளப்புகளுக்கு ஸ்பான்சராக இருக்கலாமா என்ற கேள்வி இங்கிலாந்தில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் அந்நாட்டுக் குழந்தைகளையும் அந்நாட்டுக் கிளப்புகளின் வரவு செலவையும் பற்றியதாகவே இருக்கிறது. ஆசியாவில் உட்கார்ந்து பார்க்கும் கோடிக்கணக்கானவர்களை அதில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குறைதான் என்னை எழுதவைக்கிறது.

2002-03 சீசனில் ஃபுல்ஹாம் கிளப்பின் ஜெர்ஸியில் பெட்ஃபேர் என்ற பெயர் வந்தது. பிரீமியர் லீகில் ஒரு பந்தய நிறுவனம் ஜெர்ஸியின் முன்பக்கத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. 2005-ல் நிறைவேறி 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சூதாட்டச் சட்டம் விளம்பரங்களுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிரிட்டனில் சிகரெட் நிறுவனங்கள் விளையாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்புக்கு 1976 முதல் 2005 வரை எம்பஸி என்ற சிகரெட் பிராண்டு ஸ்பான்சராக இருந்தது. அது விலகிய மறு ஆண்டே அந்த இடத்தில் 888.காம் என்ற இணையச் சூதாட்ட நிறுவனம் வந்து அமர்ந்தது. உடலைக் கெடுக்கும் பொருளுக்கு விளையாட்டின் நற்பெயரை வாடகைக்கு விடக் கூடாது என்று புரிந்துகொண்ட ஒரு நாடு, குடும்பங்களைக் கெடுக்கக்கூடிய இன்னொன்றுக்கு அதே இடத்தைக் கொடுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

2025-26 சீசனில் 20 பிரீமியர் லீக் கிளப்புகளில் 11 கிளப்புகளின் ஜெர்ஸி முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றில் சில பெயர்களை பர்மிங்ஹாமிலோ சண்டர்லாந்திலோ தெருவில் போகும் ஒருவரிடம் கேட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த நிறுவனங்கள் அவரைத் தேடி வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்ஸிகளில் சீன எழுத்துகளையே பார்த்தோம். சீனாவின் பெருநிலப்பரப்பில் இத்தகைய பந்தயம் சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இது நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசியச் சந்தையை நம்பியிருக்கும் ஒரு சூதாட்டத் தளம் பிரிட்டனில் நேரடியாக உரிமம் வாங்குவதில்லை. ஏற்கனவே உரிமம் வைத்திருக்கும் ஓர் இடைநிலை நிறுவனம் அதன் பெயரில் ஒரு பிரிட்டிஷ் இணையதளத்தை நடத்தித் தரும். அந்தத் தளத்தில் வாடிக்கையாளர்கள் வருகிறார்களா என்பது முக்கியமல்ல. பிரிட்டனில் சட்டப்படி இயங்குகிறோம் என்று காட்டி ஒரு கிளப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அது போதும். இப்படிப் பல தளங்களுக்கு நிழல் கொடுத்துவந்த டிஜிபி யூரோப் என்ற, ஐல் ஆஃப் மேன் தீவைச் சேர்ந்த நிறுவனத்துக்கு 2025-ல் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 33 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்க முற்பட்டபோது, அந்த நிறுவனம் உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அதன் நிழலில் இருந்த தளங்களோடு ஒப்பந்தம் வைத்திருந்த கிளப்புகளுக்கு ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; உரிமமற்ற தளத்தை விளம்பரப்படுத்தினால் கிளப் நிர்வாகிகள் மீதே வழக்கு வரலாம், சிறைத்தண்டனைகூடக் கிடைக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், லெஸ்டர் சிட்டி கிளப்பின் ஜெர்ஸியில் இருந்த பிசி.கேம் நிறுவனத்தைக் குராசாவ் தீவின் நீதிமன்றம் திவாலானதாக அறிவித்திருந்தது. நூற்றாண்டைக் கடந்த கிளப்புகள், யாருடைய பணம், எங்கிருந்து வந்த பணம் என்று ஆராயாமல் தங்கள் மார்பை வாடகைக்கு விட்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் ஒரு தீர்வாகத்தான் 2023 ஏப்ரலில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: 2025-26 சீசன் முடிவோடு ஜெர்ஸியின் முன்பக்கத்திலிருந்து சூதாட்ட நிறுவனங்களை அகற்றிவிடுவது. அரசு சட்டம் போடவில்லை. கிளப்புகளே முன்வந்து செய்தன என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உடன்பாடு முன்பக்கத்தை மட்டுமே தொடுகிறது. ஜெர்ஸியின் கைப்பகுதியிலும், மைதானத்தைச் சுற்றி ஓடும் மின்னணு விளம்பரப் பலகைகளிலும் அதே பெயர்கள் இருக்கலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீசனின் முதல் வார இறுதியில் ஆட்ட ஒளிபரப்பு, செய்தி, சமூக ஊடகம் எல்லாவற்றிலும் வந்த சூதாட்ட விளம்பரச் செய்திகளை எண்ணினார்கள். 2023-ல் 10,999, 2024-ல் 29,145. உடன்பாடு கையெழுத்தான பிறகுதான் இந்த ஏற்றம். ஒளிபரப்பில் தெரிபவற்றில் பெரும்பங்கு மைதானப் பலகைகளில் இருந்தே வருகிறது என்பதை ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கும் எவரும் தாமே உணரலாம். முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வது பொருந்தாது.

ஸ்பான்சர் பெயரைப் பார்த்து யாரும் சூதாடப் போவதில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். பார்த்தவுடன் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கிளப் என்பது நமக்கு ஒரு கடை அல்ல. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போக முடியாது. பத்து வயதில் மனத்தில் பதிந்த ஒரு நிறத்தை நாற்பது வயதிலும் நம்மால் விட முடிவதில்லை. அந்தப் பற்றின் மேல் ஒரு பெயரை ஒட்டினால், அந்தப் பெயருக்கும் கொஞ்சம் பற்று ஒட்டிக்கொள்ளும். என் கல்லூரி நண்பர் ஒருவர் கைபேசியில் முதன்முதலாகப் பந்தயம் கட்டியபோது, தெரியாத தளத்தை எப்படி நம்பினாய் என்று நான் கேட்டதற்கு, தெரியாத பெயர் அல்ல, வாரா வாரம் டிவியில் பார்க்கிற பெயர்தானே என்றார். ஐந்நூறு ரூபாயில் தொடங்கியது, இரண்டே ஆண்டில் அவருடைய வீட்டுக்கடன் தவணைப் பணத்தைத் தின்றுவிட்டது. அவர் மீண்டு வந்துவிட்டார். ஆனால் இப்போது கால்பந்து பார்ப்பதில்லை, பார்க்க முடிவதில்லை என்கிறார்.

வீரர்களின் நிலையும் வேதனையானது. வீரர்கள் கால்பந்தில் பந்தயம் கட்டக் கூடாது என்ற விதியை 232 முறை மீறியதற்காக 2023 மே மாதம் பிரென்ட்ஃபோர்டு வீரர் ஐவன் டோனிக்கு எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டு, பதினொரு மாதமாக இருந்திருக்க வேண்டிய தடையைக் குறைத்தது. அவர் தவறு செய்த 2017 முதல் 2021 வரையிலான ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் ஆடிய கீழ்நிலை லீகுகளின் பெயரோடு ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது; தடை வந்தபோது அவர் அணிந்திருந்த ஜெர்ஸியின் முன்பக்கத்திலும் இன்னொன்றின் பெயர் இருந்தது. இந்த முரணை உணர்ந்துதான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், வீரர்களைத் தண்டிக்கும் இடத்தில் இருந்துகொண்டு பந்தயப் பணத்தை வாங்குவது சரியல்ல என்று 2017-லேயே லாட்புரோக்ஸ் என்ற பந்தய நிறுவனத்தோடு இருந்த உறவை முறித்துக்கொண்டது. சங்கம் அன்று எடுத்த முடிவைக் கிளப்புகளும் எடுத்திருக்க முடியும்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. லீகின் கீழ்ப்பாதியில் இருக்கும் கிளப்புக்கு மற்ற நிறுவனங்கள் தருவதைவிடச் சூதாட்ட நிறுவனங்கள் அதிகம் தருகின்றன. ஒரு சீசன் கீழ்நிலை லீகுக்கு இறங்கிவிட்டால் வருமானமே சரிந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானது. ஆனாலும் லூட்டன் டவுன் 2023-24-ல் பிரீமியர் லீகுக்கு ஏறி வந்தபோதும் அந்தப் பணத்தைத் தொட மறுத்தது. சூதாட்டத்தால் மகனை இழந்த ஒரு தம்பதி தொடங்கிய கேம்ப்ளிங் வித் லைவ்ஸ் அமைப்பின் ஆதரவாளர்கள் ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு நடைபயணம் போய்க் கிளப்புகளிடம் கேட்டதும் இதைத்தான். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தவுடன் இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்ஸியிலிருந்து ட்ரீம்11 விலகியது. சில வாரங்களில் அப்போலோ டயர்ஸ் அதைவிடப் பெரிய தொகைக்கு அந்த இடத்துக்கு வந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் செல்வாக்கு பர்ன்லி போன்ற சிறிய கிளப்புக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே இதை முழு விடையாகச் சொல்லவில்லை.

சட்டம் போட்டாலும் சந்து தேடுவார்கள் என்பதற்கு இத்தாலி சான்று. 2018-ல் அங்கே சூதாட்ட விளம்பரத்தைத் தடைசெய்தார்கள்; சில ஆண்டுகளில் விளையாட்டுச் செய்தித்தளம் என்ற பெயரில் அதே நிறுவனங்கள் திரும்பி வந்தன. 2024-ல் இன்டர் மிலான் ஜெர்ஸியில் ஏறிய பெட்சன்.ஸ்போர்ட் அப்படிப்பட்டதுதான். இந்த உத்தி நமக்கும் புதிதல்ல. பந்தயத் தளங்கள் செய்தித்தளங்களாக வேடமிட்டு விளம்பரம் செய்வதை எதிர்த்து 2022-லேயே நம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஜெர்ஸியின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் கைப்பகுதி, பயிற்சி உடை, மைதானப் பலகை எல்லாவற்றையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரைக்குமாவது, ஆட்டத்தின் ஒளிபரப்பு எந்த நாட்டுக்கு விற்கப்படுகிறதோ அந்த நாட்டில் சட்டவிரோதமான ஒரு சேவையின் பெயரை அந்த ஒளிபரப்பில் காட்டக் கூடாது. எங்கள் சந்தாப் பணமும் ஒளிபரப்பு உரிமையின் வழியாக அந்தக் கிளப்புகளுக்குத்தான் போகிறது. அப்படியிருக்க எங்கள் நாட்டுச் சட்டத்தையும் மதிக்கச் சொல்லி நாங்கள் கேட்பது அத்துமீறல் ஆகாது.

இங்கிலாந்தில் சிறுவர்களுக்கென்று கிளப்புகள் விற்கும் ஜெர்ஸியில் சூதாட்டப் பெயர் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெறும் துணியாகத்தான் அது கடைக்கு வரும். நம் ஊரில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகலுக்கு அந்த விதி தெரியாது. பெரியவர்களின் ஜெர்ஸியைப் பார்த்து அப்படியே அச்சடிக்கிறார்கள், பத்து வயதுக்காரனின் அளவிலும். அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதை அவன் பள்ளி விளையாட்டு நாளுக்குப் போட்டுக்கொண்டு போனபோது, மார்பில் இருப்பது என்ன கம்பெனி என்று அவனுடைய ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான், நான் உள்ளதைச் சொன்னேன். அடுத்த ஜெர்ஸியை வாங்கும்போது முன்பக்கத்தை மட்டுமல்ல, கையையும் திருப்பிப் பார்த்து வாங்குவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.