ஒரு கிழமையால் தவறிய முதலாம் தரம்

எங்கள் மூத்த மகள் பெப்ரவரி முதற்கிழமையில் பிறந்தவள். இலங்கையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்க வேண்டுமென்றால் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஒரு கிழமை பிந்திப் பிறந்ததற்கு ஒரு வருடம் காத்திருப்பு. மற்றப் பிள்ளை என்றால் நாங்களும் பேசாமல் இருந்திருப்போம். இவள் மூன்றரை வயதில் பாண் சுற்றி வந்த பேப்பரை வாசிக்கத் தொடங்கியவள்.

அதிலும் அவளுக்குப் பிடித்தது மரண அறிவித்தல். யாருக்கு எத்தனை மருமக்கள், எத்தனை பேரப்பிள்ளைகள், யார் கனடா, யார் சுவிஸ் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஒருநாள் உரம் விசயமாக ஒருவர் வந்து படலையில் நின்று, "அப்பா எங்கை பிள்ளை?" என்று கேட்டார். "அன்னார் வயலுக்குப் போட்டார்" என்றாள். வந்தவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏடு தொடக்கியது அதற்குப் பிறகுதான். வாசிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று இவர் கேட்டார்; அம்மா விடவில்லை. விஜயதசமியன்று கோயிலில் ஐயர் அவளை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தார். முடியும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு கையை இழுத்தெடுத்து, பக்கத்தில் 'ரிசி' என்று சேர்த்துவிட்டாள். ஐயர் சிரித்துவிட்டு, "இனி நான் என்னத்தைத் தொடக்கிறது, தட்சணையைத் தாங்கோ" என்றார்.

கோயிலில் இத்தனை பேர் பார்த்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வந்ததும் வராததுமாகச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். ஒருவரும் இருமவில்லை. "பாத்தியே, மிளகாய் கமறேல்லை. அவ்வளவு கண்ணூறு." மகள் யோசித்தாள். "அம்மம்மா, இப்ப சுத்தாமல் கொஞ்சம் போடுங்கோ. அதுவும் கமறாட்டி மிளகாய்தான் பழசு." அம்மா அகப்பையோடு எழும்பினார். (நான் பிறகு தனியே போட்டுப் பார்த்தேன். முடிவை இங்கே எழுதினால் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வரும்.)

சரி, பள்ளிக்கூட விசயத்துக்கு வருகிறேன். அப்பப்பா தங்கள் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரு வகுப்புத் தாண்டி ஏற்றி டபுள் புரொமோசன் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி எங்களை உசுப்பிவிட்டார். அதிபரிடம் போனோம். நல்ல மனிதர். சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். மகள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி அதைத் தலைகீழாக வாசித்துவிட்டு, "ஏன் 31? ஏன் பெப்ரவரி 28 இல்லை?" என்று கேட்டாள். "எங்கையாவது ஒரு கோடு போடத்தானே வேணும் பிள்ளை" என்றார் அவர். அவள் தலையாட்டிவிட்டு வெளியே மாமரம் பார்க்கப் போய்விட்டாள். நான்தான் இன்னும் அரைமணித்தியாலம் இருந்து வாதாடினேன்.

வலயக் கல்வி அலுவலகத்திலும் அதே பதில். ஆனால் அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பானவர் எங்களை இருத்திக் கதைத்தார். மீத்திறன் கூடிய பிள்ளைகளும் விசேட கல்விக்குள்தான் வருவார்கள்; ஆனால் தன்னிடம் வருகிற கோப்புகள் எல்லாம் மெல்லக் கற்போர், காது கேளாதோர், கண் தெரியாதோர் பற்றியவைதான், கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒருவரும் கோப்போடு வருவதில்லை என்றார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன குறை என்பதுதானே ஊர் எண்ணம். சிறுபிள்ளை வைத்திய நிபுணர் ஒருவரிடம் ஒருதரம் காட்டச் சொன்னார். இவ்வளவு வெள்ளெனவே வாசிக்கிற பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சிலோ பழக்கத்திலோ வேறு சிக்கல் இருக்கலாம் என்பதால்.

டொக்டர் அவளோடு நிலத்தில் இருந்து விளையாடினார். கதை, கண் பார்த்துப் பேசுவது, மற்றப் பிள்ளைகளோடு சேர்வது எல்லாம் பார்த்துவிட்டு ஒரு பயமும் இல்லை என்றார். நுண்ணறிவுச் சோதனை எடுக்கவா என்று கேட்டேன். 130க்கு மேல் வந்தால் மீத்திறன் என்பது வழக்கமான கோடு, நூறு பேரில் இரண்டு பேர் அளவில் அதற்கு மேலே வருவார்கள். ஆனால் இந்த வயதில் புள்ளி இன்றைக்கு ஒன்று, அடுத்த வருடம் வேறொன்று என்று நிற்கும், அந்த இலக்கத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு உதவியது: இவளுக்கு மூளைக்கு ஒரு வயது, கைக்கு ஒரு வயது, மனசுக்கு ஒரு வயது. மூன்றும் ஒன்றாக வளராது.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் மனசின் வயதைக் கண்டிருந்தோம். யாழ்ப்பாணம் போக பஸ்ஸில் ஏறினோம். யன்னலோரம் இருந்து வழி முழுக்க வாசிப்பு. 155ஆம் கட்டை என்று பஸ்ஸில் யாரோ இறங்கக் கேட்க, கிலோமீட்டர் கல்லில் வேறு இலக்கம் இருக்கிறதே என்று தொடங்கினாள். அது கண்டியிலிருந்து மைல் கணக்கு, கிலோமீட்டரில் 249 சொச்சம் வரும் என்று இவர் விளங்கப்படுத்தினார். பரந்தன், ஆனையிறவு, பளை. முகமாலையில் சிவப்புப் பலகை. மண்டையோடு. "அபாயம், மிதிவெடி" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்க வாசித்தாள். ஒருவரும் கதைக்கவில்லை.

"எத்தினை எடுத்திட்டினம்?" என்று கேட்டாள். நிறைய, என்றேன். "எத்தினை மிச்சம்?" தெரியாது, என்றேன். "மிச்சம் எத்தினை எண்டு தெரியாட்டி, முடிஞ்சுது எண்டு என்னெண்டு தெரியும்?"

பின்சீற்றில் இருந்த ஐயா ஒருவர்தான் பதில் சொன்னார். தான் வெடி எடுக்கிற வேலை செய்தவர் என்றார். எண்ணி முடிப்பதில்லை, நிலத்தைக் கோடு கோடாகப் பிரித்து ஒரு துண்டும் விடாமல் பார்த்துக்கொண்டு போவது, பார்த்த நிலம் முடிந்தால் வேலை முடிந்தது. அவளுக்கு அது நன்றாக விளங்கியது. அவரிடம் இன்னும் பல கேள்வி கேட்டாள். அன்றிரவு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் வளவை யார் கோடு பிரித்துப் பார்த்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வி பெரிய ஆளுடையது, அந்த அழுகை நாலு வயதுப் பிள்ளையுடையது. விடிய எழும்பி, இவர் ஒரு கயிற்றைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடிக்க, முற்றத்தைக் கோடு பிரித்து நடந்து பார்த்த பிறகுதான் சாப்பிட்டாள்.

கையின் வயது வேறு கதை. வாசிப்பவளுக்கு எழுத வராது. 'ஞ' புத்தகத்தில் இருப்பதுபோல் வரவில்லை என்று கொப்பி ஓட்டையாகும்வரை அழிப்பாள், பிறகு கொப்பியையே எறிவாள். வடிவாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னால் இன்னும் கோபம். பொய் என்று அவளுக்குத் தெரியும். இவர் ஒருநாள் பக்கத்தில் இருந்து இடது கையால் 'ஞ' எழுதத் தொடங்கினார். கேவலமாக வந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பத்துக்கு மூன்று போட்டாள். பிறகு தினமும் இருவரும் எழுதுவார்கள், அவள் திருத்துவாள். இவர் நாலரைக்கு மேல் எடுத்ததில்லை.

அந்தக் காத்திருந்த வருடம் முன்பள்ளியில்தான் போனது. மேலதிகப் பாடம் வேண்டாம், கத்தரிக்கோல், களிமண், கயிறு, மரமேறல் தாருங்கோ என்று ரீச்சரிடம் கேட்டேன். ரீச்சர் வினோதமாகப் பார்த்தார். மற்ற அம்மாமார் எல்லாம் எழுத்துத்தானே கேட்கிறார்கள். வீட்டில் ஒரு கேள்விக் கொப்பி போட்டோம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வருகிற கேள்விகள் அதற்குள். இரணைமடுக் குளம் 36 அடி நிரம்பிக் கதவு திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. கனகராயன் ஆற்றைப் படத்தில் விரலால் பிடித்துச் சுண்டிக்குளம்வரை கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

வயதுச் சட்டத்தில் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்தக் கைக்கு அந்த வருடம் தேவைப்பட்டது. ஆனால் 'சேர்க்க முடியாது' என்பதோடு 'அதுவரை இப்படிச் செய்யுங்கோ' என்று ஒரு வசனம் சொல்ல எல்லா இடத்திலும் ஒரு ஆள் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் தற்செயலாகத்தான் கிடைத்தார்.

இப்போது முதலாம் தரம். சொந்தக்காரர் அதற்குள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு எந்த ரியூசன் என்று கேட்கிறார்கள், சிரித்துவிட்டு விடுகிறோம். வகுப்பு ரீச்சரோடு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம்: வேலை முடிந்தால் வாசிப்பு மூலையில் போய் இருக்கலாம், ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவளை எழுப்பக்கூடாது. முதல் மாதம் அவளைக் 'குட்டி ரீச்சர்' ஆக்கிவிட்டார்கள், பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ரீச்சர் ஒத்துக்கொண்டார். மகளுக்குத்தான் மனத்தாங்கல். அந்த வேலை தனக்கு விருப்பம்தானாம், சம்பளம் பற்றி மட்டும் அதிபரோடு கதைக்க இருந்தவளாம்.